அரைப் பேர்

கோழிக்கோட்டிலிருந்து மூன்று பேர்.
நோர்வூட்டில் வேன் மாறி, பொகவந்தலாவைப் பாதையில்
இரண்டு தடவை வாந்தியெடுத்து
வந்து சேர்ந்தார்கள்.
கையில் பித்தளைப் பலகை, காகிதம் பிரிக்காமல்.

கேளுக்குட்டி இங்கேதான் கிளாக்கராய் இருந்தாராம்,
பதினோரு மாதம்.
பிறகு தலைமன்னாரில் கப்பலேறிப் போய்
மலையாளத்தில் நாவல் எழுதினாராம்,
டில்லிப் பத்திரிகையில் மந்திரிமாரை
மூக்கும் தொப்பையுமாய் வரைந்தாராம்.
பேரெடுத்த மனிதர்.
எனக்கு அவருடைய செக்ரோல் எழுத்துத்தான் பழக்கம்.
ஏழு என்ற இலக்கத்துக்குக் கொக்கி வைப்பார்,
ஒன்றோடு குழம்பும்.

அவர் இருந்த அறையைக் காட்டினேன்.
இப்போது அதில் உரமூட்டை.
மூட்டைகளுக்குக் கும்பிடு போட்டார் ஒருவர்.
பலகையை எங்கே அடிப்பதென்று
சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்தார்கள்.
தட்டிய இடமெல்லாம் சுண்ணாம்பு உதிர்ந்தது.

பேராசிரியை அம்மா கேட்டார்:
படம் ஒவ்வொன்றின் மூலையிலும்
கையெழுத்துக்குப் பதிலாக ஒரு வளைகோடு.
அரவம் என்கிறார்கள்,
முடியாத கேள்விக்குறி என்கிறார்கள்,
அதைப் பற்றியே ஒருவர் பட்டம் வாங்கியிருக்கிறார்,
உங்கள் ஊரில் ஏதாவது சொல்வார்களா?
நான் குனிந்து
அவருடைய கணுக்காலைக் காட்டினேன்.
குடித்துப் பருத்து, வளைந்து, கறுப்பாய்.
அட்டை, என்றேன்.
ஆடி மழையில் இங்கே
அது கையெழுத்துப் போடாத கால் இல்லை.
ஐயோ, என்றார். உப்புக் கொண்டுவரச் சொன்னேன்.

ஸ்டோர் மாடியில், கரையான் விட்டுவைத்த மிச்சத்தில்
அந்த ஆண்டின் செக்ரோல் இருந்தது.
ஜூலை, மூன்றாம் கிழமை.
ஓரத்தில் பென்சிலால் ஒரு தராசு.
ஒரு தட்டில் கொழுந்துக்கூடை.
மறு தட்டில் துரையின் சப்பாத்து,
துரை உள்ளே இல்லாமல்.
தராசு சப்பாத்துப் பக்கம் சாய்ந்திருந்தது.
மூவரும் சிரித்தார்கள், ஒருவர் கொஞ்சம் அழுதார்.
எனக்கும் சிரிப்புத்தான். நல்ல படம்.

பிறகுதான் இடப்பக்கம் பார்த்தேன்.
அங்காயி, அரைப் பேர்.
வெள்ளைக்கண்ணு, அரைப் பேர்.
சிவனாயி, அரைப் பேர், இரண்டு றாத்தல் குறைவு.
அதே பென்சில்.
அதே கொக்கி வைத்த ஏழு.

பேர் என்றால் இங்கே ஒரு நாள் கூலி,
அவர்களுக்கு விளக்கவேண்டியிருந்தது.
நிறை குறைந்தால் அரைப் பேர்.
வெட்டியதும் கிளாக்கர்,
வரைந்ததும் கிளாக்கர்.
பேராசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
வேறு வழி இருந்திருக்காது, என்றான்
கூட வந்த இளைஞன்.
இருந்திருக்காது. தெரியும்.
நேற்று நானும் பதினோரு பேருக்கு
அரைப் பேர் போட்டேன்.
எனக்குப் படம் வராது.

அந்தப் பக்கத்தை மட்டுமாவது தாருங்கள்,
கண்ணாடிக்குள் வைத்து விளக்குப் போடுகிறோம், என்றார்கள்.
முடியாது என்றேன்.
போன மாதம் சிவனாயி வழியில் ஒருவன்
அட்டனிலிருந்து வந்தான்.
தன் ஆட்கள் இந்த மலையில் இருந்ததற்கு
ஏதோ கச்சேரியில் அத்தாட்சி கேட்டார்களாம்.
தாளைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னான்:
"அரைப் பேருன்னாலும் பரவாயில்லக்கா,
பேர் இருக்குல்ல."

போனில் படமெடுத்துக்கொண்டார்கள்,
தராசு பெரிதாய்த் தெரிய, நெருங்கி.
கொஞ்சம் பின்னால் போங்கள் என்றேன்.
இன்னும் கொஞ்சம்.
கதவில் முதுகு முட்டும்வரை போனான் இளைஞன்.
முப்பத்தொரு பேரும் உள்ளே வந்தார்கள்,
தராசு ஒரு மூலையில்
கொசு அளவாய்.

பலகையைச் சுவர் தாங்கவில்லை.
என் மேசைக்கடியில் சாத்தி வைத்திருக்கிறேன்,
பித்தளையில் முழுப் பேர்.
அந்தி நிறுவைக்குச் சங்கு ஊதியதும்
அவசரமாய் எழுந்தால்
காலில் இடிக்கிறது.